பூண்டுகலையை விட்டு நகராதவர்கள்

சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்கள்தான் வேண்டும், சொந்த மூளையைப் போட்டுக் குழப்புகிறவர்கள் வேண்டவே வேண்டாம் என்று ஒரு தொண்டு நிறுவனம் சொல்லியனுப்பியது. துறையூர் மேட்டுத் தெருவில் அந்தத் தகுதிக்குப் பஞ்சமே கிடையாது. அஞ்சுகம், அவள் கொழுந்தன் பரமகுரு, எதிர்வீட்டுத் திரவியம் ஆகிய மூவரையும் விமானத்தில் ஏற்றி, இலங்கை மலைநாட்டில் பூண்டுகலை என்கிற சின்ன ஊருக்கு மூன்று மாதம் சுகாதாரத் தொண்டு செய்ய அனுப்பிவைத்தார்கள்.

அஞ்சுகத்துக்கு எதைத் தொட்டாலும் கவலை. விமானம் ஏறினால் கவலை, இறங்கினால் அதைவிடக் கவலை. ஆனால் தலையாய கவலை அவள் நாத்தனார் கனகமணி. புறப்படும்போது வாசலில் நின்றுகொண்டு, "போயிட்டு வா அண்ணி. பாதியிலேயே தொரத்திவிடுவாங்க. பெட்டியும் கையுமா நீ வந்து எறங்கறப்ப இதே எடத்துல நின்னு சிரிப்பேன்" என்று சொல்லியிருந்தாள். அந்தச் சிரிப்பு அஞ்சுகத்தின் காதில் இப்போதே கேட்டுக்கொண்டிருந்தது.

பூண்டுகலையில் ஒரு கடைத்தெரு, ஒரு பேக்கரி, ஓர் ஆஸ்பத்திரி. மிச்சமெல்லாம் மேடு. ஊர் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம், பாலத்தருகே 'பூண்டுகலை உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று ஒரு பலகை. அந்தப் பலகையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் இவர்கள் தங்கியிருந்த அறை.

ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா மிஸி. அந்தப் பக்கத்தில் நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த அன்றே மிஸி சொன்னார்: "கொதிக்க வைக்காத தண்ணி ஒரு சொட்டுகூட உங்க வாய்க்குள்ள போகக் கூடாது."

மறுநாள் மழையில் நடந்து வரும்போது திரவியம் கொட்டாவி விட்டான். ஒரு சொட்டு உள்ளே போய்விட்டது.

"துப்புடா!" என்றாள் அஞ்சுகம்.

"முழுங்கிட்டேன் அக்கா."

பரமகுரு மூக்கைச் சொறிந்து யோசித்தார். "போனது போயிடுச்சு. இப்ப இவனோட சேர்த்துத்தான் கொதிக்க வைக்கணும்."

சாயந்தரம் மிஸி வந்து பார்த்தபோது, திரவியம் அடுப்புக்கு நேரே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பரமகுரு அவன் வயிற்றில் காதை வைத்து, "இன்னும் கொதி வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மிஸிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு ஊருக்கே பூச்சி மாத்திரை குடுக்கணும். நான் டவுனுக்குப் போறேன். பெரிய டொக்டர் உங்களைப் பார்க்க வருவார். ஒரு பிழை நடந்தாலும் சாயந்தர பஸ்ஸில ஏத்தி விட்டிருவேன், விளங்குதா? மாத்திரை குடுக்கிற இடத்தில யாரும் வெறும் வயித்தோட இருக்கக் கூடாது. ஆளுக்கு ஒண்ணுதான், ரெண்டாவது குடுக்கவே கூடாது. விழுங்கிறதை உங்க கண்ணால பார்க்கணும். பார்க்கிற வரைக்கும் ஒருத்தரையும் விடக் கூடாது."

அஞ்சுகம் இரவெல்லாம் அதையே முணுமுணுத்தாள்.

காலையில் பேக்கரி வாசலில் ஊரே வரிசை கட்டியது. வரிசை கடைத்தெரு முழுக்க வளைந்து மேட்டில் ஏறியது. எல்லோரும் சாப்பிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

"யாரும்னா நாமளும்தானே அக்கா?" என்று கேட்டு, திரவியம் பேக்கரி முதலாளி செபமாலையிடம் ஒரு பன் வாங்கித் தின்றான். வயிறு எந்த நேரமும் காலியாகலாம் என்பதால், அடுத்த பன்னையும் கையோடு வைத்துக்கொண்டான்.

பரமகுரு ஒரு திட்டம் வைத்திருந்தார். "அண்ணி, ஒவ்வொருத்தரா விழுங்கினா ஒருத்தரைப் பார்க்கறப்ப இன்னொருத்தர் தப்பிச்சிடுவார். முதல்ல எல்லார் நாக்குலயும் மாத்திரையை வெச்சிடுவோம். நான் கையைத் தூக்கினதும் மொத்தமா விழுங்கட்டும். மொத்தமாப் பார்த்துடலாம்."

அஞ்சுகத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. வரிசை முழுக்க நாக்கை நீட்டச் சொல்லி மாத்திரை வைத்து முடித்தார்கள். பரமகுரு ஒரு பெஞ்சில் ஏறிக் கையைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. தூக்கின கை பரமகுருவுக்கே தெரியவில்லை.

"விழுங்கலாமா?" என்று செபமாலை நாக்கை நீட்டியபடியே கேட்டார். "ஆஆஆ?" என்றுதான் வெளியே வந்தது.

"யாரும் விழுங்காதீங்க!" என்று அலறினாள் அஞ்சுகம். "எனக்குக் கண்ணு தெரியலை!"

"விழுங்கினோம்னு அவங்க சொன்னா நம்பிக்கலாமே அக்கா?"

"மிஸி பார்க்கச் சொன்னாங்களா, நம்பச் சொன்னாங்களா?"

பேக்கரித் தட்டுகளை எடுத்து விசிறிப் பார்த்தார்கள். பனி போகவில்லை, செபமாலையின் தொப்பிதான் போயிற்று. அப்போது கீழே ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "டாக்டர் வந்துட்டார்!" என்றாள் அஞ்சுகம். கண்ணை மூடினால் கனகமணி நின்று சிரித்தாள். திறந்தால் வெள்ளையாக இருந்தது.

"அண்ணி, மலை உச்சியில பனி இருக்காது. எல்லாரையும் மேலே கூட்டிட்டுப் போயிடுவோம்."

அஞ்சுகம் முன்னால் நடந்தாள். அவள் முந்தானையைச் செபமாலை பிடித்துக்கொண்டார், அவர் சட்டையை அடுத்தவர் பிடித்துக்கொண்டார். நீட்டின நாக்கோடு ஊரே மலையேறியது. கடைசியில் திரவியம். பனிக்குள் ஒருத்தர் அவன்மேல் இடித்து, "இங்க என்னப்பா நடக்..." என்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு மாத்திரையை வைத்து, "நாக்கை நீட்டுங்க ஐயா, பார்க்கற வரைக்கும் விடமாட்டேன்" என்று அவரையும் தள்ளிக்கொண்டு நடந்தான்.

உச்சியில் வெயில் பளீரென்று அடித்தது. "விழுங்குங்க!" என்று கூவித் திரும்பிய அஞ்சுகம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. மாத்திரை ஒன்றுகூட இல்லை. எல்லாம் கரைந்து போயிருந்தது.

"இது விழுங்கினதா, விழுங்காததா?" என்று கேட்டார் பரமகுரு.

"ரெண்டாவது குடுக்கவும் கூடாதே!" அஞ்சுகம் அழுதேவிட்டாள். "போச்சு, பஸ்ஸு வந்துடும். கனகமணி சிரிப்பா!"

வரிசையின் கடைசியில் இருந்தவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர்தான் பெரிய டாக்டர்.

"அழாதீங்கம்மா," என்றார் மூச்சு வாங்க. "இந்த ஊர்ச் சனம் வருஷா வருஷம் மாத்திரையை வாங்கி, பேக்கரிக்குப் பின்னால துப்பிட்டுப் போகும். இந்த வருஷம்தான் ஒருத்தராலயும் துப்ப முடியலை. என்னாலயும் முடியலை! நீங்க மூணு பேரும் இந்த ஊரை விட்டு ஒரு அடி நகரக் கூடாது, சொல்லிட்டேன்!"

அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமாக மூவரும் இறங்கி, பாலம் வரை வந்து, பலகையருகே சட்டென்று நின்றார்கள். அறை பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"ஒரு அடி எடுத்து வெச்சாலும் தப்பாச்சே," என்றாள் அஞ்சுகம்.

"ரூமை இந்தப் பக்கம் தூக்கிட்டு வந்துடலாமா?" என்றான் திரவியம்.

"முட்டாள்! ரூம் கனமா, பலகை கனமா?" என்றார் பரமகுரு.

பலகையைப் பிடுங்கி அறைக்கு அந்தப் பக்கம் நட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். மறுநாள் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. திரவியம் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு முன்னால் நடந்தான். அதன் பிறகு அவர்கள் எங்கே போனாலும் பூண்டுகலை அவர்களுக்கு முன்னால் போயிற்று. பஸ்காரர்கள்தான் ஊரைக் காணாமல் தவித்தார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஜெசிந்தா மிஸியே விமான நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டார். பலகைக்கும் ஒரு சீட்டு வாங்கினார்களாம், ஜன்னலோரமாக.

மேட்டுத் தெருவில் கனகமணி சொன்ன இடத்திலேயே நின்றிருந்தாள். "என்ன அண்ணி, வந்துட்டியா?" என்று சிரிக்க வாயைத் திறந்தாள்.

திரவியம் தெருமுனையில் பலகையை நட்டு முடித்திருந்தான். அஞ்சுகம் அதைத் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நான் எங்கே வந்தேன்? இன்னும் பூண்டுகலையிலதானே இருக்கேன். நீ எப்படி இவ்வளவு தூரம் வந்தே கனகமணி? சாப்பிட்டியா? வெறும் வயித்தோட நிக்காதே, நாக்கை நீட்டு."