தேன்பாறைக் கயிறு

மருதங்கோட்டை அரசர் கோப்பெருவேளுக்குத் திடீரென்று காட்டின்மேல் பாசம் பொங்கிவிட்டது. "தேன்பாறைக் காடு இனி காவல் காடு! ஒரு மரம் சாயக்கூடாது!" என்றார். சபையே கை தட்டியது. அரசவை விகடகவி அம்பலவாணரும் மனதாரத் தட்டினார்.

உடனே தளபதி இராயசிங்கன் எழுந்தான். "அப்படியானால் அங்கே குடியிருக்கும் மலைக்குடிகளைக் கிளப்பிவிடலாம், மகாராஜா. என் வீரர்கள் போதும்."

அரசர் தலையாட்டினார். வாசலில் நின்ற மலைக்குடித் தலைவன் பொம்மனின் முகம் வெளுத்துப்போனது. பிறந்த காட்டை விட்டு அவர்கள் எங்கே போவார்கள்?  அம்பலவாணர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அருமையான ஏற்பாடு! திருவிழா அபிஷேகத்துக்கு மலைத்தேன் வேண்டுமே? கயிறு கட்டிப் பாறையில் இறங்கி அவர்கள்தான் எடுப்பார்கள். இனி தளபதியே எடுத்துத் தருவார், இல்லையா?"

"ப்பூ! இதென்ன பெரிய காரியம்?" தளபதி மீசையை முறுக்கினான்.

மறுநாள் அரசரோடு சபையினரும் பொம்மனும் பாறை உச்சிக்குப் போனார்கள். தளபதி கீழே எட்டிப் பார்த்தான். சட்டென்று இரண்டடி பின்வாங்கினான். அதற்குள் அவன் இடுப்பில் கயிறு கட்டியாயிற்று.

"மறுமுனையை யார் பிடிப்பது?" என்றார் அம்பலவாணர்.

"நான்! நான்!" என்று முண்டியடித்து வந்தான் உபதளபதி. இராயசிங்கன் விழுந்தால் அடுத்த தளபதி அவன்தான். அத்தனை ஆசையாக ஒருவன் கயிறு பிடித்து யாரும் பார்த்ததில்லை.

தளபதிக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயோ, இவன் வேண்டாம்! விட்டுவிடுவான்!"

அரசர் திரும்பினார். "பொம்மா, உங்களில் யார் பிடிப்பது?"

"மச்சான்தான் சாமி. பொண்டாட்டி கூடப் பொறந்தவன். வேற ஆளு தொடக்கூடாது."

"அதென்ன, மச்சான்?"

"கயிறு நழுவுனா தாலி போறது அவன் தங்கச்சிக்கில்ல?"

அரசர் உபதளபதியையும் பொம்மனையும் மாறி மாறிப் பார்த்தார். அம்பலவாணர் மெல்ல அருகில் வந்தார்.

"மகாராஜா, காடு எரிந்தால் தளபதி வேறு கோட்டையில் வேலை தேடிக்கொள்வார். இவர்களுக்கு வீடே போய்விடும். வண்டி கட்டி வரும் மரத்திருடர்களை விரட்ட உங்கள் வாளும் வேண்டும்தான். ஆனால் காட்டின் கயிறு, காடு போனால் அழுகிறவன் கையில் இருக்கட்டும்."

அரசர் பொம்மனின் தோளில் கை போட்டார். "மலைக்குடிகள் எங்கும் போக வேண்டாம். காட்டைப் பற்றி இனி நீயும் என் ஆட்களும் கூடி உட்கார்ந்து முடிவெடுங்கள். நீ ஒப்பாத ஆணை ஆணையே இல்லை. இன்றுமுதல் நீ எனக்கு மச்சான் முறை!"

பொம்மனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னான்: "அப்ப தேனுக்கு நீங்க எறங்குங்க மச்சான், நான் பிடிக்கிறேன்!"

சபையினர் திடுக்கிட்டார்கள். அரசரோ வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அம்பலவாணரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அது கிடக்கட்டும் மகாராஜா. முதலில் தளபதியின் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள். உபதளபதி இன்னும் ஆசையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்!"