மன்னிப்பின் அளவு

"நெட்டையா நீட்டினா விழுந்துடுது, மேடம்" என்றாள் பர்வீன்.

அற்புதம் மேடம் திரையைப் பார்த்தார்.

டோகமாக் என்னும் வளையக் கலனுக்குள், காந்தங்கள் தொடாமல் பிடித்திருந்த பிளாஸ்மா என்னும் கொதிவாயு. ரோஜா நிற விளிம்புள்ள ஓர் அரைநிலா. பதிவு மெதுவாக ஓடியது. நிலா நீண்டது. தயங்கியது. பிறகு, தூக்கத்தில் சாயும் தலைபோல் சரிந்து, சுவரில் பட்டு அணைந்தது.

"உருண்டையாவே விட்டுடேன். உருண்டை விழாதே."

"விழாது. சூடும் தங்காது. நெட்டையா நின்னாத்தான் சூட்டைக் காப்பாத்தும்." பர்வீனின் குரல் இறங்கியது. "நாளைக்கும் விழுந்தா, இனிமே உருண்டை மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. என் ஆராய்ச்சி அதோட சரி."

"பிடிச்சு நிறுத்தத்தானே காந்தச் சுருள்கள் இருக்கு?"

"இருக்கு. முதல்ல நடுங்கிக்கிட்டே நின்னுது. சுருள்கள் ஓயாம இழுக்கிறதாலதான் நடுக்கம்னு நினைச்சு, மன்னிப்பைக் கூட்டினேன்."

மன்னிப்பு என்பது அந்த ஆய்வுக்கூடத்துச் சொல். பிளாஸ்மா எவ்வளவு நகரும்வரை சுருள்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிற அளவு.

"கூட்டினதும்?"

"நடுக்கம் நின்னுது. அப்புறம் விழுந்துது. இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா?"

"உன்னை மருமகளா அடையப்போற மாமியார் குடுத்துவெச்சவ" என்றார் மேடம். "செருப்பைக் கழட்டு. ஒத்தைக்கால்ல நில்லு."

"மேடம்?"

"நில்லும்மா. கண்ணை மூடிக்கோ."

நின்றாள். வெற்றிட பம்புகளின் முனகல் தூரத்துக் கடலாயிற்று. இமைகளுக்குள் ரோஜா நிறம் பரவியது. கூடம் கரைந்தது. எதன்மேலும் சாயாமல் தான் மட்டும் நீண்டு நீண்டு உயர்வதுபோலிருந்தது.

"அசையாதே."

"அசையலை, மேடம்."

"நிஜமா?"

குளிர்ந்த இரண்டு விரல்கள் அவள் கணுக்காலைத் தொட்டன. அந்த விரல்களுக்கடியில், தோலுக்குள், ஏதோ ஓயாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடித்துக்கொண்டிருந்தது. கைக்குள் சிக்கிய மீன் குஞ்சுபோல.

"பாவம், எவ்வளவு நடுங்குது" என்றார் மேடம். "இதுக்குக் கொஞ்சம் மன்னிப்பு குடுக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம் மேடம்! விழுந்துடுவேன்!"

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது.

கண்ணைத் திறந்தாள். இன்னொரு காலை ஊன்றவும் மறந்து, நொண்டியடித்தே கணினிக்குப் போய், மன்னிப்பைப் பூஜ்யமாக்கினாள்.