கலகப்படைக்கு ஒரு விமர்சனம்

மேஜைமேல் குட்டிக் கப்பல்களை நகர்த்தி விண்வெளிப் போர் ஆடும் மன்றம் எங்களுடையது. ஆட்டத்தில் ஒரு பக்கமான கலகப்படைக்கு மன்றத் தலைவர் வைத்திலிங்கமே விதி எழுதுவார், அவரே அதை வைத்து ஆடுவார், அவரே ஜெயிப்பார். தலைவலி!

கப்பல்களுக்கு வண்ணம் பூசும் பூங்கோதையிடம், "புது விதிகளுக்கு விமர்சனம் எழுதும்மா. நீ ஒரு குறையும் சொல்லக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது" என்றார்.

"சரிங்க சார். ஆடிப் பார்த்துட்டு எழுதறேன். இன்னிக்குக் கலகப்படை எனக்கு."

மூன்றாவது சுற்றிலேயே தலைவரின் பாதிப் படை காலி. "வெடிச்ச கப்பல் எப்படித் திரும்ப வரும்? ஒரே சுற்றுல ரெண்டு தடவை சுடுமா? எந்த மடையன் எழுதின விதி இது?" என்று கத்தினார்.

பூங்கோதை நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார், எழுதிட்டிருக்கேன்."