சாம்பலி ஏறிய பஸ்

"அம்மா, மறுபடியும் போகுதுங்க" என்றார் செங்கோடன்.

மலையிலிருந்து இறங்கிய மேகம் மடத்துக்குள்ளேயே புகுந்து, ஆளுக்கு ஆள் முகம் தெரியாத விடிகாலை. குரு நீலாயி அம்மாள் பாயில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன போகுது, கண்டக்டரே?"

"சாம்பலிக்கு வயித்தால போகுதுங்க."

முப்பது வருசம் பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு, மனசு அடங்கட்டும் என்று வந்து சேர்ந்த சீடர் அவர். குருவோ அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். மனசு அடங்கியதோ இல்லையோ, மழையில் நனைந்து வந்த ஒரு சாம்பல் பூனை அவர் மடியில் அடங்கிவிட்டது.

"முப்பது வருசம் 'போலாம் ரைட்'டுன்னு சொன்ன வாய். இப்பப் போகுது போகுதுன்னு அழுவுதாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. பூனை பிழிந்து போட்ட துணியாட்டம் தோளில் கிடந்தது.

டவுன் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ரத்தத்தில் புற்றுக் கிருமி. அது போகாது, ஆயுசைக் குறைக்கும். அதனால் வயிறு அடிக்கடி கெடும்; வயிற்றை நாம் பார்த்துக்கொள்ளலாம். மற்ற பூனைகளோடு விடக்கூடாது. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீர் எந்நேரமும். மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது. பால் ஆகவே ஆகாது.

மடமோ சைவம். அம்மாள்தான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தனி அடுப்புப் போடச் சொன்னாள்.

சொன்னது சொன்னபடி செய்வதாகச் செங்கோடன் சத்தியம் பண்ணினார். அம்மாள் அவருடைய இன்னொரு கையைப் பார்த்தாள். அதில் ஒரு கிண்ணம்.

"அது?"

"சாமிக்கு அபிசேகம் பண்ணினதுங்க. தெனமும் ஒரு கரண்டி ஊட்டறனுங்க."

"பால் ஆகாதுன்னாங்களே."

"இது பாலுங்களாம்மா? பிரசாதமுங்க."

"உங்களுக்குப் பிரசாதம். அதோட குடலுக்கு?"

செங்கோடன் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தார்.

"பாலுங்க."

கிண்ணத்தை அவரே செம்பருத்தி வேரில் கவிழ்த்தார்.

பத்தாம் நாள், "நின்னுபோச்சுங்க" என்று மடமெல்லாம் சொல்லித் திரிந்தார், என்னவோ பேரன் பிறந்த மாதிரி.

மாசம் ஒன்று தாண்டியது. பால் இல்லை, மாத்திரை தவறவில்லை. ஆனாலும் மறுபடி போனது. டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்து, இனி இப்படித்தான், நிற்கும், வரும், நிற்கும் என்றார்.

அன்று மத்தியானம் கண்ணயர்ந்தவருக்கு ஒரு கனவு. மேகத்துக்குள் அவருடைய பழைய பஸ் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஜன்னலோர சீட்டில் சாம்பலி. வேறு ஆளில்லை. அது வெளியே வெள்ளையைப் பார்த்துக்கொண்டு, கண் சொருகி, சுகமாக வருகிறது.

எழுந்தவர் நேரே அம்மாளிடம் போய்க் கனவைச் சொன்னார்.

"எங்க எறங்கணும்னு கேட்டீங்களா?"

"கேக்கப் பயமா இருந்துச்சுங்க."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, ரத்தம் பார்த்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கேட்டார்.

"போகப் போறதுக்கு எதுக்குங்கம்மா இத்தனை வைத்தியம்? பேசாம விட்டுறட்டுங்களா?"

அம்மாள் கடுக்காய்க் கல்லைக் கீழே வைத்தாள்.

"அடுத்த ஸ்டாப்புல எறங்கறவங்களுக்கு நீங்க உக்கார எடம் குடுக்க மாட்டீங்களா, கண்டக்டரே?"

சொல்லிவிட்டு, பாயில் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

அன்றும் மடத்துக்குள் மேகம் புகுந்திருந்தது. அவரைத் தேடி வந்த சாம்பலி வாசற்படியில் நின்றது, கால் நான்கும் வெள்ளையில் மறைந்து, லேசாக ஆடியபடி.

"படியில நிக்காத சாமி" என்றார் செங்கோடன், பழைய குரலில். "உள்ள வா. எடம் இருக்குது."