வாசம் வராமல் சமைத்த வீடு

நம் பூட்டனுக்குப் பூட்டன் பிறப்பதற்கும் முந்தின காலம். கொல்லிமலைக்குத் தெற்கே, பாறையும் செம்மண்ணுமான ஒரு சின்ன ஊரில், செங்கோடன் என்றொரு குடியானவன் இருந்தான். அவன் பெண்டாட்டி பேர் பாவாயி. சிறுசுகளும் பெருசுகளும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது சிரிக்கிற கதை இல்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கதை.

செங்கோடன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை இருந்தது. கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. ஊரார் திருவிழாவுக்குப் போன நாளிலும், விருந்துக்குப் போன நாளிலும், வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்த நாளிலும், அவன் உளியும் சம்மட்டியுமாகப் பாறையைக் குடைந்து வெட்டிய கிணறு அது. எந்தக் கோடையிலும் அதில் தண்ணீர் வற்றியதில்லை.

தண்ணீர் இருந்ததால் கொல்லை பச்சைப்பசேல் என்று இருந்தது. பந்தலில் அவரையும் புடலையும் தொங்கின. கூரைமேல் சுரைக்கொடி ஏறியிருந்தது. பாத்தியில் கத்தரி, வாய்க்கால் ஓரம் கீரைத்தண்டு, மூலையில் ஒரு முருங்கை.

அவன் விளைவித்ததைப் பாவாயி சமைப்பாள். கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, புளி சேர்த்துக் கடைவாள். அவரைக்காயைப் பருப்போடு வேகவைப்பாள். சுரைக்காய்க்கு மிளகு அரைத்து ஊற்றுவாள். கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் வீதி மணக்கும். "பாவாயி வீட்டுல இன்னைக்குச் சுரைக்காய்" என்று சொல்லிக்கொண்டே ஆட்கள் நடந்து போவார்கள். வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் போகும். வேறொரு கிண்ணம் வரும்.

வேலிக்கு அந்தப் பக்கம் அங்காயி இருந்தாள். ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிறவள் அவள்தான். புருஷன் செத்துப்போய்த் தனியாக இருந்தாள். அந்த ஊரில் தவழ்கிற பிள்ளை, நடக்கிற பிள்ளை, ஓடுகிற பிள்ளை அத்தனையும் அவள் கையில் விழுந்தவைதான். கல்யாணமாகி நெடுங்காலம் வயிறு திறக்காமல் இருந்த பாவாயிக்கு ஒருநாள் தலை சுற்றியபோது, நாடியைப் பிடித்துப் பார்த்து, "அடியே, உண்டாயிருக்கே" என்று முதலில் சொன்னவளும் அவள்தான். அன்றைக்குச் செங்கோடன் ஒரு கூடை நிறையக் காய் பறித்துக்கொண்டுபோய் அங்காயி வாசலில் வைத்துவிட்டு வந்தான்.

அந்த வருஷத்துக்கு முந்தின வருஷமே மழை ஏமாற்றியிருந்தது. அந்த வருஷம் மேகமே கூடவில்லை.

ஏரி வற்றி வெடித்தது. ஊர்க்கிணறு சேறாகி, சேறும் காய்ந்தது. முதலில் ஜனங்கள் கள்ளிப்பழம் பறித்துத் தின்றார்கள். பிறகு காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றார்கள். அதுவும் தீர்ந்தபின் எறும்புப் புற்றை வெட்டி, எறும்பு சேர்த்து வைத்திருந்த தானியத்தை எடுத்துப் புடைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள்.

செங்கோடன் கிணற்றிலும் தண்ணீர் கீழே போயிற்று. இருந்தாலும் ஊறியது. பாதிக் கொல்லையைக் காயவிட்டு, மீதிப் பாதிக்கு ஊற்றினான். ஒருநாள் கிணற்று மேட்டில் நின்று வீதியைப் பார்த்தான். எலும்பும் தோலுமாக நாலைந்து பேர் வேலியோரம் நின்று அவன் கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவாயி, இனிமேல் வேலிக்கு மேலே கிண்ணம் போகக் கூடாது" என்றான்.

"ஏனுங்க, அங்காயக்கா வீட்டுல அடுப்புப் புகைஞ்சு ரொம்ப நாளாச்சு. அவங்களுக்கு மட்டுமாச்சும்..."

"ஒருத்திக்குக் குடுத்தா ஊரே வாசல்ல வந்து நிக்கும். இந்தக் கொல்லை எத்தனை நாளைக்குத் தாங்கும்? நாளைக்கு உன் வயித்துல இருக்கிறது பசின்னு அழுதா நான் எதைக் குடுப்பேன்? எல்லாரும் தூங்கினப்போ நான் வெட்டின கிணறு இது."

எத்தனையோ வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. பாவாயியின் கை தானாக வயிற்றைத் தொட்டது.

அன்று முதல் அந்த வீடு ஒளிந்து வாழ ஆரம்பித்தது. செங்கோடன் வேலி நெடுகப் பனையோலைத் தட்டி கட்டினான். கொல்லை காய்ந்துவிட்டது என்று ஊரில் சொன்னான். கிணற்றுக் கப்பி கிரீச்சிடாமல் இருக்கப் பழந்துணியைச் சுற்றினான்.

சமையலும் மாறியது. கடுகு தாளிக்கக் கூடாது, வாசம் போகும். அம்மியில் அரைக்கக் கூடாது; சத்தம் போகும். நடுப்பகலில் புழுதிக்காற்று அடிக்கும்போதுதான் அடுப்பு மூட்ட வேண்டும். அப்போதுதான் புகை கண்ணுக்குத் தெரியாது. காயின் தோலையும் காம்பையும் அவன் குழி தோண்டிப் புதைத்தான். பாவாயி உப்பும் தண்ணீரும் விட்டு வேகவைத்ததை இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள். வீதியில் யாராவது நடந்தால் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

முதல் தடவை அங்காயி வந்தபோது நன்றாக நடந்துதான் வந்தாள்.

"செங்கோடா, மேலத்தெருவுல ஒருத்தி பிள்ளை பெத்துக் கிடக்கா. பால் சுரக்கலை. ஒரு கை முருங்கைக்கீரை இருந்தாக் குடு தம்பி. வேகவெச்சுக் குடுத்தாச் சுரக்கும்."

"மரம் பட்டுப்போச்சுக்கா" என்றான் செங்கோடன். ஓலைத் தட்டிக்குப் பின்னால் முருங்கை தழைத்து நின்றது.

இரண்டாம் தடவை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பிள்ளை போயிருச்சு தம்பி. தாயாவது பிழைக்கட்டும். அழுகின காய், முத்தின காய், எது இருந்தாலும் பரவாயில்லை."

"எங்களுக்கே இல்லைக்கா" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கன்னம் ஒட்டியிருக்கவில்லை. ஊரில் எல்லாருடைய கன்னமும் ஒட்டியிருந்தது. அவள் திரும்பிப் போனாள்.

மூன்றாம் தடவை அவள் வந்தபோது இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கதவு தட்டப்பட்டது.

"பாவாயி, இந்தத் தடவை எனக்காகத்தான் வந்தேன். கீரை வேகவெச்ச தண்ணி இருந்தாலும் போதும்."

பாவாயி எழப் போனாள். செங்கோடன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, உதட்டில் விரலை வைத்தான். அவள் வாயில் இருந்த கவளம் இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. கண்ணில் நீர் மட்டும் இறங்கியது.

வெளியே அங்காயியின் குரல் மறுபடி கேட்டது. "உள்ளேதான் இருக்கீங்க. தெரியும். ஊரே காவிரிக்கரைப் பக்கம் கிளம்புது, நானும் போறேன். பாவாயி, பயப்படாதே. முன்னே உன் வயித்தைத் தொட்டுப் பார்த்தப்போ பிள்ளை குறுக்கே கிடக்கிற மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். வலி கண்டா உடனே ஆள் அனுப்பு, எங்கே இருந்தாலும் வரேன்."

காலடி மெல்ல மெல்லத் தேய்ந்தது. 'காவிரிக்கரையில் தண்ணீர் இருக்கும், அவள் பிழைத்துக்கொள்வாள்' என்று செங்கோடன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்றைக்குச் சட்டியில் மிச்சம் இருந்ததை அவன் ஒருவனே தின்றான்.

ஊர் காலியானது. நாய்கூடக் குரைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து விடியும் நேரத்தில் பாவாயிக்கு வலி கண்டது. வெயில் ஏறியது, வலியும் ஏறியது, பிள்ளை மட்டும் இறங்கவில்லை.

செங்கோடன் வீதியில் இறங்கி ஓடினான். ஒரு வீட்டைத் தட்டினான், இல்லை. இன்னொரு வீட்டைத் தட்டினான், இல்லை. கடைசி வீட்டின் கதவு தானே திறந்துகொண்டது. உள்ளே காற்றுதான் இருந்தது. காவிரிக்குப் போகிற பாதையில் தலைதெறிக்க ஓடினான். வழியில் விழுந்து கிடந்தவர்களைப் பார்த்தான். சிலரைப் புரட்டி முகம் பார்த்தான். எல்லாரும் தெரிந்த முகங்கள்.

ஒரு புளியமரத்தடியில், மேலே நடக்க முடியாமல் சிலர் சாய்ந்து கிடந்தார்கள். அவர்களில் அங்காயியும் இருந்தாள்.

"அக்கா, பாவாயிக்கு வலி கண்டுருச்சு!"

அவள் உடனே கையை ஊன்றி எழுந்தாள். எழுந்ததும் விழுந்தாள். "வரேன் தம்பி. கால்தான் வரமாட்டேங்குது."

அவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஒரு விறகுக்கட்டின் எடைகூட இல்லை. அந்த எடை இல்லாமைதான் வழி நெடுக அவனை அழுத்தியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அங்காயி அடுப்படியைப் பார்த்தாள். சட்டியில் முந்தின நாள் அவரைக்காய் இருந்தது. மூலையில் ஒரு சுரைக்காய், கூடையில் கத்தரி. செங்கோடன் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான். ஒரு வாய் குடித்தாள். காய்ந்த குடல் அதை ஏற்கவில்லை, அப்படியே கக்கிவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு, பாவாயியிடம் போனாள்.

செங்கோடன் வெளியே நின்றான். உள்ளே பாவாயி அலறினாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, திருப்பிருவேன், திருப்பிருவேன்" என்று அங்காயியின் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலும் மூச்சு வாங்கியது. பிறகு சத்தமே இல்லை. பிள்ளை அழும் சத்தத்துக்காக அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அது வரவே இல்லை.

அங்காயி தவழ்ந்து வாசலுக்கு வந்தாள். "பெரிய உசுரு நிக்குது" என்றாள். "சின்னது போயிருச்சு. ஆம்பளைப் பிள்ளை."

"ஏக்கா? எத்தனை பிள்ளையை எடுத்த கை உன் கை!"

"குறுக்கே கிடந்த பிள்ளை தம்பி. அழுத்திப் பிடிச்சுத் திருப்பணும். கையில பலம் இல்லை." அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது யாருடையதோ என்பதுபோல. குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டான், சொன்னாள். அவ்வளவுதான்.

செங்கோடன் தன் மகனைக் கொல்லையில் புதைத்தான். உள்ளே வந்தபோது பாவாயி கண் விழித்திருந்தாள். பிள்ளையைப் பற்றி அவள் கேட்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்காவுக்குச் சோறு போட்டீங்களா?"

அவன் அடுப்பை மூட்டினான். கொஞ்சமாக, தண்ணீராக, கீரையை மசித்துக் கஞ்சி வைத்து, அங்காயிக்குச் சங்கால் புகட்டினான். அது வயிற்றில் நின்றது. பிறகு பெரிய பானையை ஏற்றினான். பானையைத் தலையில் வைத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு நடந்தான். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் சிலர் வாயைத் திறந்தார்கள். சிலருக்குத் திறக்க முடியவில்லை.

தினமும் போனான். தாங்காது என்று அவன் கணக்குப் போட்டிருந்த கொல்லை தாங்கியது. காயை மட்டும் பார்த்தால்தான் தாங்காது. கொடியின் தளிர், முருங்கையின் இலை, சுரைக்காயின் தோல், கீரையின் தண்டு எல்லாவற்றையும் போட்டுக் கூழாகக் காய்ச்சினால் தாங்கியது. கொஞ்சம் தெம்பு வந்தவர்கள் அவன் சொல்லாமலே கிணற்றில் இறங்கி, இன்னும் ஓர் ஆள் ஆழம் வெட்டினார்கள். புது ஊற்று கண் திறந்தது. காயவிட்ட பாதிக் கொல்லைக்கும் தண்ணீர் பாய்ந்தது. முதலிலேயே கதவைத் திறந்திருந்தால் முதலிலேயே பாய்ந்திருக்கும் என்பது அவனுக்கு விளங்கியது.

மழை வந்தது. காவிரிக்கரைக்குப் போனவர்களில் பிழைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்களுக்கு எல்லாம் செங்கோடன் வீட்டில்தான் முதல் சோறு. அங்காயிக்குக் கதவு திறக்காதது மூன்று பேருக்குத்தான் தெரியும். அங்காயி கடைசிவரை வாய் திறக்கவில்லை. பாவாயியும் திறக்கவில்லை.

அதனால் ஊரார் அவனைப் புண்ணியவான் என்றார்கள். பல்லில்லாத ஒரு கிழவர், இலையில் ஊற்றிய கூழைக் குடித்து முடித்து, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி, உன் பிள்ளைகுட்டி நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்றார். அடுத்து இருந்தவளும் அதையே சொன்னாள். அதற்கு அடுத்தவனும் அதையே சொன்னான். செங்கோடன் தலையைக் குனிந்தபடி அடுத்த இலைக்கு ஊற்றிக்கொண்டே போனான். கொல்லையில் புதைத்த அந்த மகனுக்குப் பிறகு அவனுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவன் சாகும்வரை, அவன் கையால் வாங்கித் தின்ற ஒவ்வொருவரும் அவனை அப்படித்தான் வாழ்த்தினார்கள்.

இதில் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: பசித்து வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துகிறவன், தன் வீட்டைக் காப்பாற்ற வேண்டிய கைகளையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிடுகிறான்.