மஞ்சள் வரிசையில் ஒரு சிவப்பு

பாலித் தீவில் மலையடி ஊர்ப் பெண்களும் கடலோர ஊர்ப் பெண்களும் ஆண்டுதோறும் கமெலான் போட்டியில் மோதுவார்கள். வெண்கலப் பட்டைகளைச் சுத்தியலால் தட்டும் அந்த இசையில், ஒரே மெட்டை இருவர் பங்கிட்டு வாசிப்பார்கள். ஒருத்தி விட்ட இடைவெளியில்தான் மற்றவளின் தட்டு விழும். ஒருத்தி எழுந்துவிட்டால் மெட்டே இல்லை.

மலையடி ஊரில் அப்படி ஜோடியாக வாசித்தவர்கள் ராஸ்மினும் தங்கை சுகெர்த்தியும். தங்கை கடலோர ஊருக்கு வாழ்க்கைப்பட்டபோது, "உனக்கு ஜோடி இல்லாமல் போனால் கூப்பிடு அக்கா, வந்துவிடுவேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

புகுந்த ஊரின் அணித் தலைவர் மெந்த்ரா. ஆறு ஆண்டுகளாக இரண்டாம் பரிசே வாங்கிச் சலித்தவர். "போட்டியில் வேறு அணியில் உட்காரக் கூடாதம்மா" என்றார். அக்காவுக்குத்தான் புது ஜோடி கிடைத்துவிட்டதே என்று சுகெர்த்தி அவருக்கும் வாக்குக் கொடுத்தாள்.

போட்டி நாளன்று கடலோர அணி அமர்க்களமாக வாசித்து இறங்கியது. அடுத்தது மலையடி அணி. அந்த நேரம் பார்த்து ராஸ்மினின் ஜோடிக்குப் பிரசவ வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ராஸ்மின் தங்கையிடம் ஓடிவந்தாள்.

"வா சுகெர்த்தி, ஜோடி இல்லை."

சுகெர்த்தி கண் கலங்கி, மெந்த்ராவுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னாள்.

ராஸ்மின் தங்கையின் கண்ணைத் துடைத்தாள். "அப்போ வேண்டாம்டி. எனக்குக் கொடுத்த வாக்கிலிருந்து உன்னை விட்டுவிட்டேன். நாங்கள் ஊருக்குக் கிளம்புகிறோம்" என்று தங்கையின் கன்னத்தைத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

பக்கத்தில் நின்ற மெந்த்ரா கத்தினார்: "நில்லம்மா! நானும் விட்டுவிட்டேன். போ சுகெர்த்தி! ஆளில்லாத மேடையை ஜெயித்து எனக்கென்ன பெருமை?"

உடை மாற்ற நேரமில்லை. மலையடி அணியின் மஞ்சள் ரவிக்கைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு ரவிக்கை உட்கார்ந்தது. அக்காள் தங்கை வாசித்த வேகத்தில் எது யாருடைய தட்டென்று ஒருவருக்கும் பிரிக்கத் தெரியவில்லை. புகுந்த ஊர் தோற்குமே என்று சுகெர்த்தியின் கை ஒரு தட்டில்கூடத் தளரவில்லை. முதல் பரிசு மலையடி ஊருக்கு! ஏழாம் முறையும் இரண்டாமிடம் வந்த மெந்த்ராதான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தை என்று செய்தி வர, இரண்டு ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டன.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: உரிமையை விட்ட ராஸ்மின், விடுதலை கொடுத்த மெந்த்ரா, புகுந்த ஊருக்கு எதிராகவும் கை தளராத சுகெர்த்தி, இந்த மூவரில் யார் மனம் பெரியது?

விடை: பலரும் மெந்த்ரா என்பார்கள். ஆனால் அவர் விட்டது சுலபமான வெற்றியை மட்டும்தான். ஜெயிக்கும் வாய்ப்பு அவருக்கு அப்போதும் இருந்தது. சுகெர்த்தி மேடையேறிய கலைஞர் செய்ய வேண்டியதைச் செய்தாள். ராஸ்மினுடையதோ முந்திய வாக்கு, நியாயமான உரிமை. அதை விட்டால் அவள் அணிக்கு மேடையே இல்லை. யாரும் எதையும் விட்டுத்தர முன்வராத நேரத்தில், தங்கை சொல் தவறக் கூடாதென்று முதலில் விட்டவள் அவள். அதைப் பார்த்த பிறகுதான் மெந்த்ராவுக்கும் மனம் வந்தது. ஆகவே ராஸ்மின் மனமே பெரியது.