ஏஐ-க்குத் துண்டு போர்த்திய பயிற்சியாளர்கள்

திருப்பூரில் ஒரு டீக்கடையின் மாடியில் பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. வேலையில் மேலே ஏறத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு வழிகாட்டுவது அதன் தொழில். நடத்தியவர்கள் மூன்று பேர்: மூத்தவர் அவிநாசியப்பன், அடுத்தவர் பொன்னுரங்கம், இளையவர் தெய்வசிகாமணி. மூவரும் தங்கமான மனிதர்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போகப் போகச் சொல்ல வாய்க்காது.

கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஏஐ போட்டிருந்தார்கள். நாம் பேசினால் கேட்டுக்கொண்டு பதிலைத் திரையில் எழுதும். அதைப் பொறுப்போடு பயன்படுத்தச் சொல்லிப் பயிற்சியாளர் சங்கம் ஒரு விதித்தாள் அனுப்பியிருந்தது. விதிகளை மதிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததால், மூவரும் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தினமும் பூ வைத்தார்கள்.

ஒரு நாள் மதியம் ஒரு மணிக்குச் சௌடேஸ்வரி வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர்.

"மூணு மணிக்கு மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூங்க. மொதலாளிங்க முன்னால நின்னா எனக்கு வாயே தொறக்காது. இந்தத் தடவை விட்டா வேற ஆளைப் போட்ருவாங்க. நான் இங்க வந்தது கம்பெனியில யாருக்கும் தெரியக் கூடாதுங்க."

"உசுரு போனாலும் வெளிய சொல்ல மாட்டோம் அம்மிணி," என்றார் அவிநாசியப்பன். மனதாரத்தான் சொன்னார்.

தெய்வசிகாமணி முதல் விதியைப் படித்தான். "சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும்."

சௌடேஸ்வரி கையெழுத்துப் போட்டாள்.

"ஏஐயும் சம்பந்தப்பட்டதுதானுங்ணா?" என்றார் பொன்னுரங்கம்.

"பின்ன? வேலை செய்யப் போறதே அதுதானே."

கேட்டார்கள். 'சரி' என்று எழுதியது. ஆனால் கையெழுத்து? கால் மணி நேரம் யோசித்து, மவுஸின் அடிப்பக்கத்தில் ஸ்டாம்ப் மையைத் தடவி, தாளில் ஒரு கைநாட்டு வாங்கினார்கள்.

இரண்டாவது விதி: வாடிக்கையாளர் யாரென்று ஏஐ-க்குத் தெரியக் கூடாது. சௌடேஸ்வரியின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கம்ப்யூட்டரில் கேமரா இருந்தது.

"அட்டையைக் கழட்டிரட்டுங்களா?" என்றாள் அவள்.

"வேண்டாம் அம்மிணி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று அவிநாசியப்பன் தன் தோள் துண்டை எடுத்துக் கம்ப்யூட்டரின் மேல் போர்த்தினார். சௌடேஸ்வரி தன் பிரச்சினையைச் சொன்னாள். ஏஐ எழுதிய பதில் இப்போது யாருக்கும் தெரியவில்லை. தெய்வசிகாமணி ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பவன் மாதிரி துண்டுக்குள் தலையை விட்டுப் படித்தான். "மூணு தடவை நல்லா மூச்சை இழுத்து விடுங்க. அப்புறம் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துத் தைரியமாகப் பேசுங்க."

சௌடேஸ்வரி முதல் மூச்சை இழுத்தாள்.

"விட்றாதீங்க!" என்று கத்தினார் பொன்னுரங்கம். "ஏஐ சொன்னதை மனுசன் ஒருத்தன் சரிபாக்கணும். மூணாவது விதி!"

அவர் கீழே டீக்கடைக்குப் போய், மூன்று மூச்சு இழுத்துவிட்டு, டீ மாஸ்டரின் கண்ணை உற்றுப் பார்த்து, "எனக்கு மேனேஜர் வேலை வேணும்!" என்றார். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் வெந்நீர்.

"வேலை கெடைக்கலீங்ணா. ஏஐ சொன்னது தப்பு."

"ஒரு ஆளை வெச்சு முடிவு பண்ணலாமா? பக்கத்து பேக்கரியிலயும் பாத்துட்டு வா."

மணி இரண்டரை. சௌடேஸ்வரி எழுந்தாள். அடக்கி வைத்திருந்த மூச்சு சொல்லாக வெளியே வந்தது. "ஏனுங்க, நீங்கெல்லாம் சோறுதான் திங்கறீங்களா? என் பொழப்பே இன்னைக்கித் தொங்கிட்டுக் கெடக்குது! நீங்க மவுஸுக்கு மை பூசிட்டு இருக்கறீங்க!" அப்படியே பத்து நிமிடம். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. மூவரையும் தனித்தனியாகவும் கூட்டாகவும் திட்டிவிட்டு, அதே வேகத்தில் படியிறங்கிப் போனாள்.

"நல்லாத்தானே பேசறாங்க. எதுக்கு வந்தாங்கன்னே தெரியலியே," என்றார் அவிநாசியப்பன்.

நான்காவது விதி பாக்கி இருந்தது: பயிற்சி முடிந்ததும் வாடிக்கையாளரைப் பற்றிய விவரம் எங்கும் மிஞ்சக் கூடாது, அழித்ததற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஏஐயில் இருந்ததை அழித்தார்கள். அவள் உட்கார்ந்த நாற்காலியைக் கழுவினார்கள்.

"நம்ம மண்டையில இருக்குதுங்களே?" என்றான் தெய்வசிகாமணி.

அது நியாயமான கேள்வி. மூவரும் கண்ணை மூடி உட்கார்ந்து மறக்க ஆரம்பித்தார்கள். நாலு மணிக்கு ஓரளவு மறந்திருந்த நேரத்தில் போன் அடித்தது.

"வேலை கெடச்சிருச்சுங்க! உள்ள போனேன், உங்க மேல இருந்த கோவம் தீரவே இல்ல, படபடன்னு பேசிட்டேன்! நல்லா இருப்பீங்க!" அவள் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன.

"பேரைச் சொல்லிப்போடாதீங்க அம்மிணி, கஷ்டப்பட்டு மறந்திருக்கறோம்," என்று போனை வைத்தார் அவிநாசியப்பன். பிறகு பதறிப்போனார். "ஐயையோ, இப்ப இதையும் சேத்து மறக்கணுமே! ஆதாரத்தை எழுதுங்கப்பா!"

மூவரும் உட்கார்ந்து, ஒன்றும் விட்டுப்போகாமல் எழுதி, கையெழுத்திட்டு, கீழே டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள்:

"பனியன் கம்பெனி செக்கிங் சூப்பர்வைசர் சௌடேஸ்வரி இன்று ஒரு மணிக்கு இங்கே வந்ததையும், முதலாளிகள் முன்னால் அவருக்கு வாய் திறக்காது என்பதையும், எங்கள் மேல் இருந்த கோபத்தில்தான் மேனேஜர் ஆனார் என்பதையும் நாங்கள் அடியோடு மறந்துவிட்டோம். நகல்: அவருடைய முதலாளிகளுக்கு. படித்ததும் அவர்களும் மறந்துவிடவும்."